ஃபேக்ஸ் அனுப்புவது சுலபம், வாங்குவதுதான் பாடு

தொட்டியம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சில கடை போர்டுகளில் இப்பவும் ‘ஜெராக்ஸ், லேமினேஷன், ஃபேக்ஸ்’ என்று எழுதியிருக்கும். முதல் இரண்டும் உள்ளே கிடைக்கும். மூன்றாவதைக் கேட்டால் கடைப் பையன் நம்மை ஏற இறங்கப் பார்ப்பான். அவன் பிறப்பதற்கு முன்னாடி எழுதின போர்டு அது.

அப்படிப்பட்ட ஊரில் எங்கள் குடும்பத்திலேயே ஒருத்தனுக்கு ஃபேக்ஸ் தேவைப்பட்டது. என் அக்கா மகன். பங்குனியில் காளியம்மன் திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரக் கூட்டத்துக்கு நடுவில் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போய்க் கேட்டான்.

“மாமா, ஃபேக்ஸ் மெஷின் ஒண்ணு வாங்கிப் போடலாம்னு இருக்கேன். எந்தக் கம்பெனி நல்லாருக்கும்?”

“யாருக்குடா மாப்ள ஃபேக்ஸ் அனுப்பப்போற?”

“அமெரிக்கா இன்கம்டாக்ஸ் ஆபீசுக்கு.”

பக்கத்தில் இருந்த சித்தப்பா சிரித்த சிரிப்பில் வாயில் இருந்த வெற்றிலை வெளியே வந்துவிட்டது. ஆனால் பையன் சொன்னது நிஜம். வாழை நாரில் பை, கூடை, மேஜை விரிப்பு என்று செய்து விற்கிறான். முசிறியில் ஆரம்பித்துக் காட்டுப்புத்தூர் வரைக்கும் காவிரிக் கரையில் எங்கே பார்த்தாலும் வாழைதானே. தார் வெட்டின பிறகு மிஞ்சுகிற மரம்தான் அவனுக்கு மூலப்பொருள். வெளிநாட்டில் நேரடியாக விற்க அமெரிக்காவில் எல்.எல்.சி. என்கிற வகையில் ஒரு நிறுவனம் பதிவு செய்திருக்கிறான். அதெல்லாம் இங்கே வீட்டிலிருந்தே முடிந்துவிட்டது. அங்கே வங்கிக் கணக்கு திறக்க இ.ஐ.என். என்று ஒரு எண் வேண்டும். நம் ஊர் பான் நம்பர் மாதிரி, நிறுவனத்துக்கு. கொடுப்பது ஐ.ஆர்.எஸ்., அதாவது அவர்கள் வருமான வரித் துறை. அமெரிக்காக்காரர்கள் அதை இணையத்தில் சில நிமிஷத்தில் வாங்கிவிடலாம். ஆனால் இணைய விண்ணப்பத்துக்கு நிறுவனத்தின் பொறுப்பாளரிடம் அந்த நாட்டு சமூகப் பாதுகாப்பு எண்ணோ வரி எண்ணோ இருக்க வேண்டும். தொட்டியத்துக்காரனிடம் அது எங்கே இருக்கும்? அவனுக்கு மிச்சம் இருப்பது எஸ்.எஸ்-4 என்கிற படிவத்தை நிரப்பித் தபாலிலோ ஃபேக்ஸிலோ அனுப்புவது. ஃபோனில் கேட்கவும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள், ஆனால் அமெரிக்க அதிகாரியோடு ஆங்கிலத்தில் பேசப் பையனுக்குக் கூச்சம். தபால் என்றால் வாரக்கணக்கு. ஃபேக்ஸ் என்றால், திருப்பி அனுப்ப நம் ஃபேக்ஸ் எண்ணையும் கொடுத்திருந்தால், 4 வேலை நாளில் எண் வரும் என்கிறது அவர்கள் கையேடு. நடப்பில் அதைவிட இழுக்கிறது என்பது வேறு கதை.

உலகத்துக்கே இணையத்தைக் கொடுத்த நாடு, வெளியூர்க்காரன் வந்தால் மட்டும் ஃபேக்ஸ் போடு என்கிறது.

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. தொண்ணூறுகளில் என் அண்ணன் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். கண்ணாடிக் கூண்டு, சிவப்பு எண்கள் ஓடுகிற மீட்டர், ராத்திரி 11 மணிக்கு மேல் கால் ரேட்டுக்குக் காத்திருக்கும் கூட்டம். கொஞ்ச நாளில் ஃபேக்ஸ் மெஷினும் வந்தது. பூத்தை நான் பார்த்துக்கொண்ட நேரங்களில் அதோடு எனக்கு நல்ல பழக்கம்.

அந்த மெஷினில் அனுப்பினவர்கள் குறைவு. வந்து வாங்கினவர்கள்தான் அதிகம். பெரும்பாலும் சபுராளிக் குடும்பங்கள், அதாவது வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போகிறவர்களின் குடும்பங்கள். சிங்கப்பூர், துபாய், சவுதி என்று போக முயற்சி செய்தவர்களுக்கு விசா காப்பி முதலில் ஃபேக்ஸில்தான் வரும். அசல் பின்னால் வரும், இல்லை ஏர்போர்ட்டில் கொடுப்பார்கள். திருச்சி ஏஜென்ட்டிடம் மிச்சப் பணம் கட்டுவதா வேண்டாமா என்பதை அந்தக் காப்பிதான் தீர்மானிக்கும். அங்கிருந்து அண்ணனோ மச்சானோ முதலில் ஃபோன் போடுவார். “ஃபேக்ஸ் டோன் குடுங்க” என்பார். நான் ஸ்டார்ட் பட்டனை அமுக்கி ரிசீவரை வைப்பேன். கீச்சென்று ஒரு சத்தம், அப்புறம் இரைச்சல், பிறகு தாள் மெல்ல வெளியே தலையை நீட்டும். வெளிநாடு போகவேண்டிய பையனின் அப்பா நிற்க முடியாமல் மேஜையைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்ப்பார். எழுத்து தெரியும், முத்திரை தெரியும், ஃபோட்டோ இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கறுப்புச் சதுரம் இருக்கும். சாதாரண ஃபேக்ஸுக்குக் கறுப்பு, வெள்ளை இரண்டே நிறம். நடுவில் சாம்பல் என்று ஒன்று கிடையாது. “இது எம்பையன்தானா?” என்று கேட்டவர்கள் உண்டு. பெயரைப் படித்துக் காட்டினால்தான் நம்புவார்கள்.

அந்தத் தாள் தெர்மல் ரோல். மை கிடையாது; சூடு பட்டால் கறுக்கிற ரசாயனம் பூசின தாள். கடைக்குள் அடிக்கிற சித்திரை வெயிலிலேயே ஓரம் கறுக்கும். பீரோவில் மடித்து வைத்தால் எழுத்து மங்கி, கடைசியில் வெள்ளைத்தாள். அதனால் ஃபேக்ஸ் வந்த கையோடு ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளச் சொல்வது வழக்கம். வாங்கின பக்கத்துக்கு ஒரு காசு, ஜெராக்ஸுக்கு ஒரு காசு. அண்ணன் இதை சேவை என்றுதான் சொல்வார்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், ஃபேக்ஸ் என்றாலே எல்லாரும் அனுப்புவதைத்தான் யோசிக்கிறார்கள். மெஷினா ஆன்லைனா என்று இணையத்தில் எழுதுகிறவர்களும் பக்கத்துக்கு எவ்வளவு, வேகம் எவ்வளவு என்று அனுப்புகிற கணக்கைத்தான் போடுகிறார்கள். பூத்தில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும், பாடு முழுக்க வாங்குகிற பக்கம். மெஷின் விழித்திருக்க வேண்டும், தாள் இருக்க வேண்டும், கரண்ட் இருக்க வேண்டும், லைன் உயிரோடு இருக்க வேண்டும், குறுக்கே யாரும் ரிசீவரைத் தூக்கி ஹலோ சொல்லக் கூடாது. இதில் ஒன்று இல்லாவிட்டாலும் எதிராளி அனுப்பினது காற்றோடு போச்சு.

நாட்டுக்கே இது தெரியவந்தது 2018 நவம்பர் 21 அன்று. ஜம்மு காஷ்மீரில் மெகபூபா முஃப்தி, தனக்கு 56 எம்.எல்.ஏ.க்கள் ஆதரவு இருக்கிறது, ஆட்சி அமைக்கிறேன் என்று ஆளுநர் சத்யபால் மாலிக்குக்குக் கடிதம் அனுப்ப முயன்றார். ராஜ்பவன் ஃபேக்ஸ் எடுக்கவே இல்லை. கடிதத்தைப் படம் எடுத்து ட்விட்டரில் போட்டார். போட்டிக்கு சஜ்ஜாத் லோன் தன் உரிமைகோரலை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அன்றைக்கு ராத்திரியே சட்டமன்றம் கலைக்கப்பட்டது. மறுநாள் ஆளுநர் சொன்ன விளக்கம்: பண்டிகை நாள், சமையல்காரர்கூட விடுமுறை, ஃபேக்ஸ் பார்க்க ஆள் எங்கே? உமர் அப்துல்லா அந்த மெஷினை அனுப்ப மட்டும் தெரிந்த மெஷின் என்று கேலி செய்தார். அரசியலில் எந்தப் பக்கம் நியாயம் என்பதற்குள் நான் போகவில்லை. பூத் நடத்தின குடும்பத்தில் பிறந்தவனுக்கு, ஆள் இல்லாத இடத்தில் ஃபேக்ஸ் மெஷின் என்ன பாடுபடும் என்பதில் மட்டும் சந்தேகம் வரவில்லை.

சரி, மருமகன் விஷயம். மெஷின் வாங்குகிறேன் என்றவனிடம் நான் முதலில் கேட்டது, “வீட்ல என்ன லைன் இருக்கு?” என்பதுதான்.

“ஃபைபர் மாமா. ஃபோனும் அதுலயே வருது.”

இங்கேதான் பாதிக் கேள்வி முடிந்துபோகிறது. ஃபேக்ஸ் மெஷின் பிறந்ததும் வளர்ந்ததும் செம்புக் கம்பியில். அந்த மெஷின்கள் எல்லாம் பேசுகிற பாஷை 1980இல் சர்வதேச அளவில் வகுத்த குரூப் 3 தரம். கூப்பிடுகிற மெஷின் 1,100 ஹெர்ட்ஸில் கூவும், எடுக்கிற மெஷின் 2,100 ஹெர்ட்ஸில் பதில் சொல்லும், ரெண்டும் எந்த வேகத்தில் பேசலாம் என்று பேரம் பேசி, சாதாரணமாக விநாடிக்கு 9,600 பிட் அல்லது 14,400 பிட் என்று முடிவுக்கு வரும். லைன் மோசமானால் தானாக இறங்கிக்கொள்ளும். எல்லாம் நேரக் கணக்கில் நடக்கிற வேலை. சில மில்லி விநாடி தவறினாலே தொடர்பு அறும்.

ஃபைபரில் வருகிற ஃபோன் அப்படியில்லை. நம் பேச்சைத் துண்டு துண்டாக நறுக்கி இணையப் பொட்டலமாக அனுப்புகிறது. இடம் மிச்சம் பிடிக்கப் பல இடங்களில் பேச்சைச் சுருக்கவும் செய்கிறது. பக்கத்து வீட்டுச் சண்டையை ஒருவர் கேட்டுவிட்டு வந்து சுருக்கிச் சொன்னால் நமக்கு விஷயம் புரிந்துவிடும். அதே ஆளிடம் அடங்கலில் உள்ள சர்வே எண்களைச் சுருக்கிச் சொல்லச் சொன்னால் என்ன ஆகும்? மனுஷக் குரலுக்கென்று செய்த சுருக்கம் ஃபேக்ஸ் இரைச்சலை அப்படித்தான் கொல்கிறது. இதற்கு மருந்தாக 1998இல் டி.38 என்று ஒரு முறை கொண்டுவந்தார்கள். ஃபேக்ஸைக் குரலாக நினைக்காமல் தகவலாகவே எடுத்துச் செல்லும் முறை. நம் பக்கத்துப் பெட்டி, சேவை கொடுப்பவர், நடுவில் உள்ளவர்கள் எல்லாரும் அதை ஒத்துக்கொண்டால்தான் வேலை செய்யும். வீட்டு ஃபைபர் இணைப்பில் அதைக் கேட்டுப் பாருங்கள். வாடிக்கையாளர் மையத்தில் அடுத்த ஆளுக்கு மாற்றுவார்கள், அவர் இன்னொருவருக்கு.

செல்ஃபோன் சிம்மில் மெஷினைச் செருகலாமா என்று ஒரு கேள்வி வரும். வேண்டாம். அதிலும் குரல் சுருக்கம்தான், இன்னும் கடுமையாக.

ஏற்கெனவே மெஷின் இருக்கிறது, ஃபைபர் லைனில்தான் ஓட்டியாக வேண்டும் என்கிற அலுவலகக்காரர்கள் செய்து பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. மெஷின் அமைப்பில் வேகத்தை 9,600க்கோ அதற்கும் கீழோ இறக்கி, இ.சி.எம். என்கிற பிழைதிருத்த வசதியை அணைத்துவிட்டு முயலலாம். சில லைன்களில் ஓடிவிடும். இது ஒட்டுப்போடுகிற வேலை, நம்பி மெஷின் வாங்குகிற அளவுக்குத் தாங்காது.

செம்பு லைன் இன்னும் வைத்திருக்கிற வீடு என்றால்? அப்போதும் இந்தப் பையனுக்கு மெஷின் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அமெரிக்காவில் ஆபீஸ் நேரம் நமக்கு ராத்திரி. அவர்கள் பதில் அனுப்புகிற நேரத்தில் வீட்டு ஹாலில் மெஷின் மணி அடிக்கும், தூக்கக் கலக்கத்தில் அக்கா எடுத்து “யாரு?” என்பார், காதில் கீச்சென்று கேட்கும், வைத்துவிடுவார். அதோடு கடல் தாண்டிவரும் அழைப்பு இன்று வழிநெடுக எத்தனை இணையப் பாதையில் ஏறி இறங்குகிறது என்று நமக்குத் தெரியவும் தெரியாது. நம் பக்கம் மட்டும் செம்பாக இருந்து பிரயோஜனம் இல்லை.

ஆன்லைன் ஃபேக்ஸின் உண்மையான லாபம் இதுதான். பக்கத்துக்குக் காசு குறைவு, மெஷின் செலவு இல்லை என்பதெல்லாம் அப்புறம். நாம் தொட்டியத்தில் உட்கார்ந்து பி.டி.எஃப்.பை ஏற்றுகிறோம். அது இணையம் வழியாக அமெரிக்காவில் உள்ள ஃபேக்ஸ் சேவைக்காரர்களின் சர்வருக்குப் போகிறது. அங்கிருந்துதான் ஃபோன் அழைப்பே ஆரம்பிக்கிறது. கடல் தாண்டுவது வெறும் கோப்பு, அதில் இரைச்சலும் இல்லை, பேரமும் இல்லை. கடைசிக் கொஞ்ச தூரம் மட்டும், அதற்கென்றே வைத்திருக்கும் நல்ல லைனில், பழைய பாஷை பேசுகிறது. முதல் முறை எடுக்காவிட்டால் சர்வரே திரும்பத் திரும்பக் கூப்பிடும். பூத்தில் ரீடயல் பட்டனை அமுக்கி அமுக்கி விரல் தேய்ந்தவனுக்கு இதன் அருமை தெரியும்.

“அப்ப ஆன்லைன்தான் மாமா. ஃப்ரீயா அனுப்புற சைட் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன்.”

“அனுப்பிடுவ. பதில் எங்க வரும்?”

பையன் யோசித்தான். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஆன்லைன் ஃபேக்ஸ் என்று ஒரே பெயரில் இரண்டு வேறு சரக்கு விற்கிறார்கள். ஒன்று அனுப்ப மட்டும்: பக்கக் கணக்கில் காசு, அல்லது விளம்பரம் போட்ட முகப்புத் தாளோடு இலவசம். இதில் உங்களுக்கென்று எண் கிடையாது. இன்னொன்று மாதச் சந்தா: உங்களுக்கே உங்களுக்கென்று ஓர் எண் கொடுப்பார்கள், அதற்கு வருவதெல்லாம் உங்கள் மின்னஞ்சலில் பி.டி.எஃப். ஆக விழும். எஸ்.எஸ்-4 மாதிரி பதில் வரவேண்டிய காரியத்துக்கு இரண்டாவதுதான் உதவும். அதுவும் அமெரிக்க எண்ணாக எடுத்தால் ஐ.ஆர்.எஸ்.ஸுக்கு அது உள்ளூர் அழைப்பு, தடங்கல் குறைவு.

சந்தாவில் இரண்டு முள் இருக்கிறது. முதலாவது, இலவச முயற்சிக் காலம். ஒரு வாரம், இரண்டு வாரம் என்று கொடுத்துவிட்டு, பணம் கட்டாவிட்டால் எண்ணைப் பிடுங்கிவிடுவார்கள். ஐ.ஆர்.எஸ். பதில் அதற்குள் வந்துவிடும் என்று உத்தரவாதம் இல்லை. எண் போன பிறகு அந்த எண்ணுக்குப் பதில் வந்தால் அது வேறு யாரோ ஒருவரின் மின்னஞ்சலில் போய் விழலாம். எண்களை அவர்கள் சும்மா வைத்திருக்க மாட்டார்கள், அடுத்த ஆளுக்குக் கொடுப்பார்கள். நம் பெயர், முகவரி, நிறுவன எண் எல்லாம் முகம் தெரியாத ஒருவர் கையில்.

இரண்டாவது முள் நம் ஊர்ச் சமாச்சாரம். 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதி ஒன்று நடைமுறையில் இருக்கிறது. கார்டிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் பிடிக்க வேண்டுமானால் நாம் ஒருமுறை முறைப்படி ஒப்புதல் பதிவு செய்திருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே தகவல் வரவேண்டும். நல்ல விதி, நிறையப் பேர் பணத்தைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் வெளிநாட்டுச் சின்னச் சேவைகள் பல இந்த ஏற்பாட்டுக்குள் வரவில்லை. முதல் மாதம் ஓ.டி.பி. போட்டுக் கட்டிவிடுவோம், இரண்டாம் மாதம் அவர்கள் பிடிக்கப் பார்க்கும்போது வங்கி மறுத்துவிடும். நமக்குத் தெரியாமலே எண் செத்துப்போகும். ஆகவே, தேவைப்படும் மாதங்களுக்குச் சேர்த்து முன்பணமாகக் கட்ட முடிகிற சேவையாகப் பார் என்றேன். தேதியைக் காலண்டரிலும் குறித்து வைக்கச் சொன்னேன்.

“இதுக்கு மெஷினே பரவால்ல போல” என்றான். பொறுமை கெட்டால் எல்லாரும் சொல்வதுதான்.

ரகசியம் பற்றியும் ஒரு வார்த்தை. பி.டி.எஃப். வெளிநாட்டு சர்வரில் கிடக்குமே என்று பயப்படுகிறார்கள். நியாயமான பயம். வேலை முடிந்ததும் கணக்கில் உள்ள கோப்புகளை அழித்துவிடலாம், முழுதாக அழிந்ததா என்பது அவர்களுக்கே வெளிச்சம். ஆனால் இதே ஆட்கள்தான் ஆதாரையும் பான் கார்டையும் ஜெராக்ஸ் கடை வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டு, பிரிண்ட் எடுத்ததும் காசைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அந்தக் கடைக் கம்ப்யூட்டரின் டவுன்லோட் ஃபோல்டரைத் திறந்தால் பாதித் தாலுகா அதற்குள் இருக்கும்.

மெஷினில் அனுப்பினதா, ஆன்லைனில் அனுப்பினதா, சட்டப்படி எது செல்லும் என்று வக்கீல் குமாஸ்தா நண்பர் ஒருவர் கேட்டார். கேள்வி கடைசியில் கையெழுத்தைப் பற்றியதுதான். ஃபேக்ஸின் சரித்திரமே கையெழுத்தோடு ஆரம்பிக்கிறது. அலெக்சாண்டர் பெய்ன் என்கிற ஸ்காட்லாந்து கடிகாரக்காரர் 1843இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார், டெலிபோனுக்கு கிரஹாம் பெல் வாங்குவதற்கு 33 வருஷம் முன்னாடி. அதற்குப் பிறகு ஜியோவான்னி காசெல்லி என்கிற இத்தாலியப் பாதிரியார் தந்திக் கம்பியில் படம் அனுப்பும் கருவி செய்தார். 1865இல் பாரிஸுக்கும் லியோனுக்கும் நடுவே சேவையே நடந்தது. அதை அதிகம் பயன்படுத்தினது வங்கி வேலைக்கு, கையெழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்க்க. சொல்லை அனுப்பத் தந்தி போதும். இன்னார் கையெழுத்துப் போட்டார் என்று காட்டத்தான் இது வேண்டியிருந்தது.

நம் நாட்டில் அந்தக் கையெழுத்துக்கு என்ன மரியாதை? ஆளைப் பொறுத்தது. பெங்களூருப் பட்டு ஏற்றுமதியாளர் ஒருவர், அமெரிக்க நிறுவனம் கொடுத்த செக் திரும்பிவிட்டதென்று 1996 ஜூன் 11 அன்று ஃபேக்ஸில் நோட்டீஸ் விட்டார். மறுநாள் பதிவுத் தபாலிலும் அனுப்பினார், அது 25ஆம் தேதிதான் போய்ச் சேர்ந்தது. ஆகஸ்டில் வழக்குப் போட்டார். விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. செக் வழக்கில் நோட்டீஸ் கிடைத்து 15 நாள் கெடு, அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். எந்த நோட்டீஸிலிருந்து எண்ணுவது? ஃபேக்ஸைக் கணக்கில் எடுக்கக் கூடாது, தபாலைத்தான் எடுக்கணும் என்று, ஃபேக்ஸ் அனுப்பின கட்சியே நிற்கவேண்டிய நிலை. 1999இல் நீதிமன்றம் ஃபேக்ஸும் எழுத்து மூலமான நோட்டீஸ்தான் என்றது. நீதிபதி கே.டி. தாமஸ் எழுதின தீர்ப்பு. ஃபேக்ஸ் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் ஜூலை 26ஓடு கெடு முடிந்திருந்தது. வழக்கு போச்சு. தொழில்நுட்பத்தை நம்பி அவசரப்பட்டவருக்கு அந்த அவசரமே வினையாக முடிந்தது.

இதற்கு நேர்மாறு தேர்தல் ஆணையம். கட்சி வேட்பாளருக்குச் சின்னம் கொடுக்கிற ஏ, பி படிவங்களில் மையால் போட்ட அசல் கையெழுத்து வேண்டும். ரப்பர் ஸ்டாம்பும் செல்லாது, ஃபேக்ஸில் வந்த படிவமும் செல்லாது என்று விதியிலேயே எழுதியிருக்கிறார்கள். தொட்டியம் என்று ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்த காலத்தில் கட்சிக்காரர்கள் சென்னையிலிருந்து படிவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்ததன் காரணம் அதுதான். 2008 மறுசீரமைப்பில் தொகுதியே முசிறிக்குள் போய்விட்டது, இனி ஓடுகிறவர்கள் முசிறிக்கு ஓடட்டும்.

ஆகவே, மெஷினில் அனுப்பினால் செல்லும், ஆன்லைனில் அனுப்பினால் செல்லாது என்று பொதுவாக ஒரு விதி கிடையாது. வாங்குகிற அலுவலகம் தாளில் வந்ததைத்தான் பார்க்கிறது. அது மெஷினிலிருந்து புறப்பட்டதா சர்வரிலிருந்து புறப்பட்டதா என்று அதற்குத் தெரிவதே இல்லை. இரண்டிலுமே நமக்கு ஒரு ஒப்புதல் அறிக்கை வரும். அதன் மதிப்பை மட்டும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். எதிர் மெஷின் இத்தனை பக்கம் வாங்கிக்கொண்டேன் என்று சொன்னது வரைக்கும்தான் அது சாட்சி. தாள் யார் கைக்குப் போனது, படித்தார்களா என்பதற்கு இல்லை. மின்னஞ்சல் இதைக்கூடச் சொல்லாது. அமெரிக்க ஆஸ்பத்திரிகளும் இன்ஷூரன்ஸ்காரர்களும் ஃபேக்ஸை விடாமல் பிடித்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

நம் ஊரில் அப்படிப் பிடித்துவைத்துக்கொள்ள வேண்டியதில்லை. 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணு ஆவணத்துக்கு அங்கீகாரம் கொடுத்துவிட்டது. உள்ளூரில் யாராவது ஃபேக்ஸ் எண் கேட்டால், மின்னஞ்சலில் அனுப்பினால் போதுமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மற்றதை யோசியுங்கள். பெரும்பாலும் படிவத்தில் பழைய கட்டம் அப்படியே அச்சாகி வந்துகொண்டிருக்கும், அவ்வளவுதான்.

வெளிநாட்டிலும் ஃபேக்ஸ் சுலபமாகப் போய்விடவில்லை. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகளில் 2018இல் கிட்டத்தட்ட 9 ஆயிரம் ஃபேக்ஸ் மெஷின் இருப்பதாகக் கணக்கெடுத்து, 2019 ஜனவரியிலிருந்து புதிதாக வாங்கக் கூடாது என்று உத்தரவே போட்டார்கள். ஜப்பானில் 2021இல் அமைச்சர் டாரோ கோனோ அரசு அலுவலகங்களில் ஃபேக்ஸை ஒழிக்கப் பார்த்தார். நூற்றுக்கணக்கான ஆட்சேபணை வந்து அவரே பின்வாங்கினார்.

அப்போது மெஷின் யாருக்கு? நல்ல செம்பு லைன் இருந்து, எதிர்ப்பக்கம் இருப்பவர்கள் தினமும் தாளாக அனுப்புகிறவர்களாக இருந்து, ஆபீஸில் ஆளும் எப்போதும் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். அதுவும் தெர்மல் ரோல் மெஷின் வேண்டாம், சாதாரணத் தாளில் அடிக்கிறதாக இருக்கட்டும். தொட்டியம் தாலுகாவுக்குள் இப்படி ஒருத்தரை நான் பார்க்கவில்லை.

மருமகன் கடைசியில் அமெரிக்க எண்ணோடு சந்தா எடுத்தான். படிவத்தில் திருப்பி அனுப்பவேண்டிய ஃபேக்ஸ் எண் கட்டத்தை நான் ஒருமுறை சரிபார்த்தேன், கையெழுத்தைக் கறுப்பு மையில் அழுத்தமாகப் போடச் சொன்னேன். வெளிர் நீலத்தில் போட்டால் ஃபேக்ஸில் பாதி மறைந்துபோகும், பூத் காலத்துப் பாடம். கையேடு சொன்னதைவிடத் தாமதமாகத்தான், ஆனால் ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தபோது பி.டி.எஃப். வந்திருந்தது.

“எண் கிடைச்சிருச்சு மாமா. சந்தாவ கேன்சல் பண்ணிடவா?”

“பேங்க் கணக்கு திறந்தாச்சா?”

“இன்னும் இல்ல.”

“அப்ப வச்சிரு.”

வங்கிக்காரர் அந்தக் கடிதத்தை ஒத்துக்கொள்ளாமல், புதிதாக உறுதிக் கடிதம் கொண்டு வா என்று சொல்வதும் உண்டு. அதற்கு ஐ.ஆர்.எஸ்.ஸுக்கு ஃபோன் போட வேண்டும், கூச்சமெல்லாம் பார்க்க முடியாது. 147சி என்று ஒரு கடிதம் தருவார்கள். எப்படி அனுப்பட்டும் என்று அவர்கள் கேட்கும்போது இரண்டே வழிதான் சொல்வார்கள்: ஒன்று தபால், இன்னொன்று ஃபேக்ஸ்.